ஈவல் கினீவல் ஏன் அத்தனை தடவை விழுந்தாரு? தேதி முதல்ல, கணக்கு அப்புறம்

1967 டிசம்பர் 31. லாஸ் வேகாஸ்ல சீசர்ஸ் பேலஸ் ஹோட்டல் வாசல். 29 வயசு ராபர்ட் கிரெய்க் கினீவல், உலகத்துக்கு ஈவல் கினீவல், டிரையம்ஃப் பானவில் பைக்கை முறுக்கிட்டு வந்து ஹோட்டல் முன்னாடி இருந்த நீரூற்றுகளுக்கு மேல பறந்தாரு. 141 அடி, அதாவது 43 மீட்டர். பறந்தது அழகா இருந்துச்சு, இறங்கினதுதான் போச்சு. ஒரு வேன் மேல தாங்கி நின்ன பாதுகாப்புப் பலகையில வண்டி மோதிச்சு, ஹேண்டில்பார் கையை விட்டுப் பிடுங்கிக்கிச்சு, மனுஷன் தலைகுப்புற ராம்ப்ல, அதாவது சாய்வுத் தளத்துல, விழுந்து உருண்டு பக்கத்து ஹோட்டலோட பார்க்கிங் வரைக்கும் போயி நின்னாரு. இடுப்பெலும்பு நொறுங்கிச்சு, தொடை எலும்பு நொறுங்கிச்சு, ஒரு மணிக்கட்டு, ரெண்டு கணுக்கால், மூளையில அதிர்ச்சி. அன்னிலேர்ந்து அவரு அமெரிக்கா முழுக்கத் தெரிஞ்ச ஆளு.

இவரைப் பத்தி எழுதறவங்க பெரும்பாலும் தைரியம்ங்கற ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க, இல்லன்னா பைத்தியம்னு சொல்லி முடிச்சிடுவாங்க. எனக்கு ரெண்டுமே போதல. 75க்கு மேல தாண்டுதல் செஞ்ச ஒருத்தர், அதுல நிறைய தடவை சுத்தமா இறங்கின ஒருத்தர், பெரிய நாள்ல மட்டும் ஏன் திரும்பத் திரும்ப விழுந்தாருன்னு ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தா எல்லாத்துலயும் ஒரே வரிசை தெரியுது. தேதி முதல்ல அறிவிச்சாச்சு, டிக்கெட் வித்தாச்சு, டிவிக்காரன்கிட்ட பேசியாச்சு, அதுக்கு அப்புறம்தான் அந்த தூரத்தை அந்த வண்டி தாண்டுமாங்கற கேள்வி வருது. அதுக்குள்ள பின்வாங்க வழியில்ல, ஏன்னா அவருகிட்ட விக்கறதுக்கு இருந்த ஒரே சரக்கு சொன்ன சொல்லுதான்.

அந்தக் குணம் எங்கேருந்து வந்துச்சுன்னு பார்க்க பியூட்டுக்குப் போகணும். மொன்டானா மாநிலத்துல தாமிரச் சுரங்க ஊரு. 1938 அக்டோபர் 17ல அங்க பொறந்தாரு, அப்பா அம்மா பிரிஞ்சு போயிட்டாங்க, தாத்தா பாட்டிதான் வளர்த்தாங்க. எட்டு வயசுல ஜோயி சிட்வுட்னு ஒருத்தரோட கார் சாகச ஷோ ஊருக்கு வந்துச்சு, அதைப் பார்த்ததுதான் எல்லாத்துக்கும் ஆரம்பம்னு அவரே பின்னாடி சொல்லுவாரு. பள்ளிக்கூடத்தை பாதியில விட்டுட்டு சுரங்கத்துல வேலை, அப்புறம் கனரக வண்டி ஓட்டற வேலை. அந்த மண்வாரி வண்டியோட முன்பக்கத்தைத் தூக்கி வித்தை காட்டப் போயி ஊரோட மெயின் கரண்ட் லைன்ல இடிச்சு ஊரே இருட்டாச்சுன்னு ஒரு கதை உண்டு, அவரு வாயால வந்த கதைகள்ல எது எவ்வளவு நிஜம்னு பிரிக்கறது கஷ்டம், அதனால அதைக் கதைன்னே வெச்சுக்குவோம். ஐஸ் ஹாக்கி டீம் நடத்தினாரு, சின்னச் சின்ன திருட்டு கேஸ்ல மாட்டினாரு, வேட்டைக்குக் கூட்டிட்டுப் போற தொழில் பண்ணினாரு. 1961ல யெல்லோஸ்டோன் பூங்காவுல எல்க் மான்களை சுடறதை எதிர்த்து பெரிய மான் கொம்பு ஒண்ணைக் கையில வெச்சுக்கிட்டு லிஃப்ட் கேட்டுக் கேட்டே தலைநகர் வாஷிங்டன் வரைக்கும் போனாரு. எப்படி நின்னா ஜனம் திரும்பிப் பார்க்கும்னு அந்த ஆளுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு.

அதுக்கப்புறம் இன்சூரன்ஸ் ஏஜென்ட். என்னைக் கேட்டா அவரு வாழ்க்கையில ரொம்ப முக்கியமான வேலை இதுதான், ஆனா பலரும் ஒரு வரியில தாண்டிடறாங்க. பாலிசி விக்கறவன் எதை விக்கறான்? ஆபத்தைப் பத்தின பேச்சை விக்கறான், எதிர்ல இருக்கறவன் கண்ணைப் பார்த்து நம்பிக்கையா ஒரு வாக்கு குடுக்கறான். அதுல இவரு கில்லாடியா இருந்தாரு, பதவி உயர்வு கேட்டு அது கிடைக்காததால வெளிய வந்துட்டாரு. வாஷிங்டன் மாநிலத்துல மோசஸ் லேக்ங்கற ஊர்ல ஹோண்டா பைக் கடை. ஜப்பான் வண்டின்னாலே அந்தக் காலத்துல அங்க வாங்க யோசிப்பாங்க, அதுக்கு இவரு கண்டுபிடிச்ச வழி, என்னை கைமல்யுத்தத்துல ஜெயிச்சா 100 டாலர் தள்ளுபடி.

1965ல அதே ஊர்ல முதல் தாண்டுதல். ஒரு பெட்டி நிறைய விரியன் பாம்பு, அது பக்கத்துல ரெண்டு மலைச் சிங்கம். ராம்ப்லேர்ந்து கிளம்பினாரு, தூரம் கொஞ்சம் பத்தல, பின் சக்கரம் பாம்புப் பெட்டியோட ஓரத்தை இடிச்சிடுச்சு. ஆனா விழல, இறங்கிட்டாரு. இந்தச் சின்ன விஷயத்தை நான் விடமாட்டேன், ஏன்னா முதல் நாளே தூரக் கணக்கு குறைஞ்சிருக்கு, அதை அளந்து சரி பண்ணணும்ங்கற எண்ணம் அவருக்கு வந்த மாதிரி தெரியல, கூட்டம் அலறினது மட்டும் மனசுல பதிஞ்சிருக்கு.

அடுத்த வருஷம் ஒரு குழு சேர்த்து ஊர் ஊரா ஷோ. 1966 பிப்ரவரியில பார்ஸ்டோங்கற ஊர்ல எதிர்ல வேகமா வர்ற பைக்கை நின்ன இடத்துலேர்ந்து குதிச்சுத் தாண்டற வித்தை, குதிக்க ஒரு கண நேரம் லேட், வண்டி வந்து இடுப்புக்குக் கீழ அடிச்சுது, மனுஷன் ஆஸ்பத்திரிக்குப் போனாரு. ஜூன் மாசம் மிசூலாவுல 12 காரும் ஒரு வேனும், கை முறிஞ்சு விலா எலும்பு உடைஞ்சுது. குழு கலைஞ்சுது. அதுக்கப்புறம் தனி ஆளு. தனியா ஆனதும் ஒரு வியாபார உத்தி புடிச்சாரு: ஒரு ஊர்ல தாண்டிட்டுப் போறது, அதே ஊருக்குத் திரும்பி வர்றப்ப ஒரு காரைக் கூட்டிக்கறது. போன தடவை பார்த்தவனும் மறுபடி வருவான். வியாபாரமா பார்த்தா பிரமாதம். ஆனா வண்டி அதே வண்டிதான், கார் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கிட்டே போகுது, ஒரு நாள் ரெண்டும் மோதித்தானே ஆகணும்.

சீசர்ஸ் பேலஸ்: அந்த நாள் எப்படி வந்துச்சு

ஒரு குத்துச்சண்டை பார்க்க வேகாஸ் போனவரு அந்த நீரூற்றைப் பார்த்ததும் தாண்டணும்னு முடிவு பண்ணிட்டாரு. ஹோட்டல் முதலாளி ஜே சார்னோவைப் பார்க்கறது எப்படி? கினீவல் பேருல ஒரு போலி கம்பெனி, மூணு கற்பனை வக்கீல்கள், பத்திரிகைக்காரன் டிவிக்காரன் குரல்ல மாத்தி மாத்தி ஃபோன், ஈவல் கினீவல் உங்க ஹோட்டல்ல தாண்டப்போறாராமே, எப்போன்னு. சார்னோ கடைசியில அவரே கூப்பிட்டு ஒத்துக்கிட்டாரு. ஏபிசி டிவியில நேரலை கேட்டாரு, முடியாதுன்னுட்டாங்க, நல்லா வந்தா பின்னாடி போடறோம்னாங்க. அதனால சொந்தக் காசைப் போட்டு நடிகரும் இயக்குநருமான ஜான் டெரக்கை வெச்சுப் படம் புடிச்சாரு. இறங்கற பக்கம் கேமரா புடிச்சவங்க நடிகை லிண்டா எவன்ஸ், அடுத்த வருஷம் டெரக்கோட மனைவி ஆனவங்க. நாம இன்னிக்கும் பார்க்கற அந்த ஸ்லோமோஷன் காட்சி அவங்க எடுத்தது.

அன்னிக்கு காலையில கடைசி 100 டாலரை சீட்டாட்டத்துல வெச்சு தோத்துட்டு, ஒரு கிளாஸ் விஸ்கி குடிச்சிட்டு வந்ததா அவரே சொல்லியிருக்காரு. வழக்கமான முன்னோட்டம் ஓட்டினாரு, கிளம்பினாரு. ராம்ப்ல ஏறின உடனே வண்டி திடீர்னு வேகம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சுன்னாரு.

இங்க கொஞ்சம் கணக்கு பார்ப்போம், ஏன்னா இந்தக் கேஸோட உயிரே இதுதான். ஒரு பைக் காத்துல எவ்வளவு தூரம் போகும்ங்கறது வேகத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது. உதாரணத்துக்கு ராம்ப் 15 டிகிரி சாய்வுன்னு வெச்சுக்கோங்க, ஏறற உயரமும் இறங்கற உயரமும் ஒண்ணுன்னு வெச்சுக்கோங்க, காத்தோட எதிர்ப்பை விட்டுடுங்க. 43 மீட்டர் தாண்ட மணிக்கு சுமார் 104 கிலோமீட்டர் வேணும். அது 99க்கு இறங்கினா, வெறும் 5 கிலோமீட்டர் குறைஞ்சா, தூரம் 4 மீட்டருக்கு மேல குறைஞ்சிடும். ஒரு கார் நீளம். ஓட்டறவனுக்கு அந்த 5 கிலோமீட்டர் தெரியவே தெரியாது, ராம்ப் பலகை கொஞ்சம் வளைஞ்சாலோ இன்ஜின் ஒரு கணம் தடுமாறினாலோ போயிடும். இவரு இதையெல்லாம் தாள்ல எழுதிப் பார்த்து ஓட்டினவரு கிடையாது, பெரும்பாலும் காதுல கேக்கற இன்ஜின் சத்தமும் கைப்பழக்கமும்தான். சின்ன தூரத்துல கைப்பழக்கம் காப்பாத்தும். தூரம் கூடக்கூட தப்புக்கு இடமே இல்லாமப் போயிடும்.

அடுத்தது வண்டி. அவரு ஓட்டின டிரையம்ஃப், அப்புறம் 1970 கடைசியிலேர்ந்து ஹார்லி டேவிட்சன் எக்ஸ்ஆர் 750, எல்லாமே சமதளத்துல ஓட்டறதுக்குன்னு செஞ்ச வண்டிங்க. அந்த ஹார்லி சுமார் 135 கிலோ, மண் தடத்துல வட்டமடிக்கற ரேஸுக்கு உருவானது. சஸ்பென்ஷன், அதாவது அடியைத் தாங்கற ஸ்பிரிங் அமைப்பு, அமுங்கறது சில அங்குலம், அவ்வளவுதான். இன்னிக்கு மேடு பள்ளத்துல குதிச்சு ஓட்டற மோட்டோகிராஸ் வண்டி சுமார் ஒரு அடி அமுங்கும். அதனால அவரு சரியா இறங்கினப்பக்கூட அந்த அடி மொத்தமும் முதுகெலும்புக்கும் மணிக்கட்டுக்கும்தான் போச்சு, கொஞ்சம் குட்டையா இறங்கினா கேக்கவே வேணாம். மூணாவது, இறங்கின பின்னாடி நிக்க இடம். 1972 மார்ச்ல சான்ஃபிரான்சிஸ்கோ பக்கத்துல கவ் பேலஸ் உள்ளரங்கத்துல தூரத்தைத் தாண்டிட்டாரு, ஆனா நிறுத்த இடம் பத்தல, அவசரமா பிரேக் போட்டதுல தூக்கி எறியப்பட்டு முதுகு உடைஞ்சு சொந்த வண்டியே மேல ஏறிச்சு. தாண்டறதைப் பத்தி மட்டுமே யோசிச்சா இப்படித்தான் ஆகும்.

சீசர்ஸ் பேலஸ்ல விழுந்ததுக்கு அப்புறம் 29 நாள் கோமாவுல இருந்தாருன்னு பிரபலமான கதை ஒண்ணு சுத்துது, அதை மறுக்கறவங்களும் இருக்காங்க, நான் அதை நம்பி எதுவும் கட்டல. ஆனா ஒண்ணு உறுதி, அந்த ஃபிலிமை ஏபிசி வாங்கிப் போட்டுச்சு, நேரலைக்கு மறுத்தவங்களே. சுத்தமா இறங்கியிருந்தா இவ்வளவு பேசியிருப்பாங்களான்னு எனக்கு சந்தேகம். அந்தப் பாடம் அவருக்கும் புரிஞ்சிருக்கணும்: விழுந்தாலும் காசு, விழாட்டியும் காசு, வராம இருந்தா மட்டும்தான் எல்லாம் போச்சு. அஞ்சு மாசம்கூட ஆகல, 1968 மே மாசம் அரிசோனாவுல ஸ்காட்ஸ்டேல்ல 15 முஸ்டாங் காரைத் தாண்ட வந்து வலது காலும் பாதமும் உடைச்சுக்கிட்டாரு. நொறுங்கின இடுப்போட ஒரு மனுஷன் அஞ்சு மாசத்துல திரும்ப வண்டி ஏறறான்னா அதுக்கு தேதின்னு ஒண்ணு குறிச்சது மட்டும்தான் காரணம், உடம்பு சம்மதிச்சிருக்க வாய்ப்பே இல்ல.

நல்லது நடந்ததையும் சொல்லணும். 1971 ஜனவரியில ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம்ல அடுத்தடுத்த ரெண்டு ஷோவுக்கு ஒரு லட்சத்துக்கு மேல டிக்கெட். அடுத்த மாசம் கலிஃபோர்னியாவுல ஆன்டாரியோ ரேஸ் தடத்துல 19 கார், 129 அடி, சுத்தமா இறங்கினாரு. வெள்ளைத் தோல் உடுப்பு, நீலப் பட்டையில நட்சத்திரம், தோள்ல கேப். தாண்டறதுக்கு முன்னாடி மைக் புடிச்சு பசங்ககிட்ட போதைப்பொருள் பக்கம் போகாதீங்க, ஹெல்மெட் போடாம வண்டி ஓட்டாதீங்கன்னு பேசுவாரு. அந்த ஹெல்மெட் பேச்சை அவரு கடைசி வரைக்கும் விடல, சீசர்ஸ் பேலஸ்ல அது தலையில இல்லன்னா ஆளே இல்லங்கறது அவருக்குத் தெரியும்.

ஸ்னேக் ரிவர்: பைக்கே இல்லாத தாண்டுதல்

1968லேயே ஒரு பேட்டியில கிராண்ட் கேன்யனைத் தாண்டறேன்னு சொல்லிட்டாரு. சொன்னதுதான், எதுல தாண்டறதுன்னு தெரியாது. அரசாங்கம் அனுமதி குடுக்கல. வருஷக்கணக்கா ஊர் ஊராப் போயி அதைச் சொல்லிக்கிட்டே இருந்துட்டதால விடவும் முடியல, 1971ல ஐடஹோ மாநிலத்துல ட்வின் ஃபால்ஸ் ஊர்கிட்ட ஸ்னேக் நதிப் பள்ளத்தாக்கு ஓரமா தனியார் நிலத்தை குத்தகைக்கு எடுத்தாரு. அகலம் கிட்டத்தட்ட கால் மைல். எந்த பைக்காலயும் நடக்காத காரியம். அதுக்கு வந்தவருதான் ராபர்ட் ட்ருவாக்ஸ், அமெரிக்கக் கடற்படையில ராக்கெட் வேலை பார்த்த நிஜமான இன்ஜினியர். அவரு செஞ்ச ஸ்கைசைக்கிள் எக்ஸ்-2 பேருக்குத்தான் சைக்கிள், உள்ள இருக்கறது நீராவி ராக்கெட். மூடின டேங்க்ல தண்ணியை 200 டிகிரிக்கு மேல சூடாக்கி அழுத்தத்துல வெச்சிருப்பாங்க, வால்வைத் திறந்ததும் அந்தத் தண்ணி ஒரே கணத்துல ஆவியாகிப் பின்னாடி பீச்சும், நம்ம வீட்டு குக்கர் விசில் அடிக்கறதை ஆயிரம் மடங்கு பெருசாக்கின மாதிரி. ஐடஹோ அரசாங்கம் அதை விமானம்னுதான் பதிவு பண்ணிச்சு.

ஆளில்லாம ரெண்டு சோதனை பண்ணினாங்க. முதல் ராக்கெட் 1973 நவம்பர்ல, ரெண்டாவது 1974 ஆகஸ்ட் 25ல. ரெண்டுமே மறுகரைக்குப் போய்ச் சேரல. ஷோ தேதி செப்டம்பர் 8. அதாவது ரெண்டு வாரம்தான் பாக்கி. பாப் ஆரம்ங்கற குத்துச்சண்டை புரமோட்டர் நாடு முழுக்க தியேட்டர்கள்ல நேரலைக்கு டிக்கெட் வித்துட்டாரு, பத்திரிகைக்காரங்க வந்துட்டாங்க, 60 லட்சம் டாலர் செக்குன்னு கேமரா முன்னாடி காட்டியாச்சு, அந்தத் தொகை விளம்பரத்துக்குத்தான். எந்த பொறுப்பான சோதனைக் குழுவா இருந்தாலும் ரெண்டு தோல்விக்கு அப்புறம் மூணாவதுல ஆளை உக்கார வைக்க மாட்டாங்க. இங்க வெச்சாங்க. அவரும் உக்காந்தாரு. கடைசி நாட்கள்ல முகத்துல பயம் இருந்துச்சுன்னு கூட இருந்தவங்க பல பேர் சொல்லியிருக்காங்க, எனக்கு அது அவரு மேல மரியாதையைக் கூட்டுதே தவிர குறைக்கல.

செப்டம்பர் 8 மதியத்துக்கு மேல ராக்கெட் ராம்ப்ல கிளம்பும்போதே பாராசூட் வெளிய வந்துடுச்சு. ராம்ப்பை முழுசா விட்டுக்கூட வெளிய வரல. அந்தத் துணி பின்னாடி இழுத்தும் ராக்கெட் பள்ளத்தாக்குக்கு மேல போச்சு, அப்புறம் எதிர்க்காத்து கிளம்பின கரைப் பக்கமே தள்ளிட்டு வந்து, செங்குத்துப் பாறையில உரசி, கீழ ஆத்தோரமா கரையில விழுந்துச்சு. தண்ணிக்கு சில அடி தூரம். தண்ணிக்குள்ள விழுந்திருந்தா பெல்ட்டை அவிழ்த்துக்கிட்டு வந்திருக்க முடியாது, மூழ்கியிருப்பாரு. கிடைச்சது சின்னக் காயம். தப்பு ராக்கெட்டோட சக்தியில இல்ல, பாராசூட் மூடி திறக்கற அமைப்புல, ட்ருவாக்ஸ் பழியை அவரே ஏத்துக்கிட்டாரு. ஆனா கூட்டத்துல நிறைய பேரு கினீவல் பயந்து அவரே பாராசூட்டை இழுத்துட்டாருன்னு பேசினாங்க. வாக்கை மட்டுமே மூலதனமா வெச்ச ஒரு ஆளுக்கு அதைவிட பெரிய காயம் எது இருக்க முடியும்.

அதுக்குப் பதில் சொல்லத்தான் எட்டு மாசம் கழிச்சு லண்டன். 1975 மே 26, வெம்ப்ளி ஸ்டேடியம், 90,000 பேரு, 13 பஸ். வரிசையா நிக்கற பஸ்ஸைப் பார்த்ததும் இது முடியாதுன்னு தன்கிட்ட சொன்னாருன்னு ஏபிசி வர்ணனையாளர் ஃபிராங்க் கிஃபோர்ட் பின்னாடி சொன்னாரு. தாண்ட வேணாம்னு கிஃபோர்டும் சொல்லிப் பார்த்திருக்காரு. கேக்கல. தாண்டினாரு, கடைசி பஸ்ல தூரம் பத்தல, வண்டி மேல விழுந்து இடுப்பெலும்பு மறுபடி உடைஞ்சுது. அந்த நிலைமையில எழுந்து நிக்க உதவி கேட்டு, தாங்கிப் புடிச்சவங்க தோள்ல சாஞ்சுக்கிட்டு மைக்ல, உலகத்துல நான் தாண்டறதைக் கடைசியாப் பார்த்தவங்க நீங்கதான், இனிமே எப்பவும் தாண்ட மாட்டேன்னாரு. ஸ்ட்ரெச்சர்ல போக மாட்டேன், நடந்து வந்தேன் நடந்துதான் போவேன்னு அடம் புடிச்சாரு. முடியாதுன்னு தனக்கே தெரிஞ்ச ஒண்ணை 90,000 பேரு வந்துட்டாங்கங்கற ஒரே காரணத்துக்காக செஞ்ச மனுஷனை எனக்கு முட்டாள்னு சொல்ல வாய் வரல, பாவமா இருக்கு, கோபமாவும் இருக்கு, ஏன்னா அந்த இடத்துல வேணாம்னு உத்தரவு போடற அதிகாரம் யாருக்குமே இல்லாம ஒரு தொழிலே நடந்துக்கிட்டு இருந்திருக்கு.

அஞ்சே மாசம். அக்டோபர் 25, ஒஹையோவுல கிங்ஸ் ஐலண்ட் பூங்கா, 14 கிரேஹவுண்ட் பஸ், 133 அடி. இந்தத் தடவை தாண்டிட்டாரு. ஏபிசியோட அந்த விளையாட்டு நிகழ்ச்சி வரலாறுலயே அதிகம் பேர் பார்த்த ஒளிபரப்புகள்ல அது ஒண்ணு. அங்கேயே நிறுத்தியிருந்தா கதை வேற. நிறுத்தல. 1977 ஜனவரி 31, சிகாகோ, சுறா மீன் தொட்டியைத் தாண்டறதுன்னு நேரலை, ஒத்திகையிலேயே விழுந்து ரெண்டு கையும் உடைஞ்சுது, ஓரமா நின்ன கேமராக்காரர் ஒருத்தர் மேல வண்டி இடிச்சு அவருக்கும் காயம். தன் உடம்பு உடைஞ்சதைவிட அடுத்தவருக்கு அடிபட்டதுதான் அவரை உலுக்கிச்சுன்னு சொல்லுவாங்க, அதுக்கப்புறம் பெரிய தாண்டுதல் எதுவும் இல்ல.

மட்டையால ஒரு அடி, எல்லாம் போச்சு

இந்தப் பகுதியை மறைச்சிட்டு அவரைப் புகழறவங்ககிட்ட எனக்கு உடன்பாடு இல்ல. ஸ்னேக் ரிவர் விளம்பர வேலை பார்த்த ஷெல்லி சால்ட்மன் அந்தப் பயணத்தைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினாரு, அதுல கினீவல் குடும்பத்துல நடந்துக்கற விதம், குடி, கோபம் எல்லாம் வந்துச்சு. 1977 செப்டம்பர் 21ல, கையில இன்னும் கட்டு இருக்கற நிலைமையில, லாஸ் ஏஞ்சலஸ்ல 20த் சென்ச்சுரி ஃபாக்ஸ் ஸ்டூடியோ வளாகத்துக்குப் போனாரு. கூட வந்தவரு சால்ட்மனைப் புடிச்சுக்க, இவரு அலுமினிய பேஸ்பால் மட்டையால அடிச்சாரு. சால்ட்மனோட இடது கை பல இடத்துல உடைஞ்சுது. கோர்ட்ல குற்றத்தை ஒத்துக்கிட்டாரு, வருத்தம்னு சொல்லல. ஆறு மாசம் ஜெயில், மூணு வருஷம் கண்காணிப்பு.

எலும்பு உடையற வலி என்னன்னு உலகத்துலயே அதிகம் தெரிஞ்ச ஒருத்தர் இன்னொருத்தர் எலும்பை வேணும்னே உடைச்சாருங்கறதை நான் எந்த நியாயத்துலயும் சேர்க்க முடியல.

விளைவு உடனே வந்துச்சு. ஐடியல்னு ஒரு கம்பெனி 1973லேர்ந்து அவரு பேர்ல பொம்மை பைக் வித்துக்கிட்டு இருந்துச்சு, கைப்பிடியைச் சுத்தினா உள்ள இருக்கற சக்கரம் வேகம் புடிக்கும், விட்டா பைக் தானா பாயும், விழாம நிமிர்ந்து ஓடும். 12.5 கோடி டாலருக்கு மேல வித்ததா சொல்றாங்க. பசங்க பொம்மையில மட்டும் நிறுத்தல, தெருவுல பலகையும் செங்கல்லும் வெச்சு சைக்கிள்ல தாண்டிக் கை கால் உடைச்சுக்கிட்டாங்க, இதையும் அவரோட கணக்குலதான் எழுதணும். மட்டை அடிக்கு அப்புறம் பொம்மை நின்னுச்சு, ஹார்லி டேவிட்சன் விலகிச்சு. 1981ல சால்ட்மனுக்கு 1 கோடியே 27.5 லட்சம் டாலர் நஷ்டஈடுன்னு தீர்ப்பு வந்துச்சு, கினீவல் திவால் மனு குடுத்தாரு, சால்ட்மன் கைக்கு அந்தப் பணம் கடைசி வரைக்கும் வந்து சேரல. வரிப் பாக்கி, வீடு போச்சு, படகு போச்சு. 80கள்ல வேன் வீட்டுல ஊர் ஊராப் போயி ஓவியப் பிரதிகள் வித்துக்கிட்டு இருந்தாரு. மகன் ராபி கூட ஷோக்கள்ல எட்டிப் பார்ப்பாரு, அவ்வளவுதான்.

433ங்கற எண்ணைப் பத்தி ஒரு வார்த்தை. கின்னஸ் புத்தகம் 1975 கடைசி வரைக்கும் அவருக்கு 433 முறிவுன்னு போட்டுச்சு. மனுஷ உடம்புல இருக்கறதே 206 எலும்பு, அதனால ஒரே எலும்பு பல துண்டா முறிஞ்சதை தனித்தனியா எண்ணினாத்தான் அப்படி வரும். அவரே ஒரு சமயம் உடைஞ்ச எலும்பு 35 போலத்தான்னு சொல்லியிருக்காரு. எனக்கு அந்த 35ஏ தாராளமாப் போதும்.

உண்மையில அவரைக் கொன்னதுக்கு எலும்பு நேரடிக் காரணம் இல்ல. அத்தனை ஆபரேஷன்லயும் ஏத்தின ரத்தம். ஹெபடைட்டிஸ் சி வைரஸ் அடையாளம் காணப்பட்டதே 1989லதான், அதுக்கு முன்னாடி தானம் வந்த ரத்தத்துல அதைச் சோதிக்க வழியே கிடையாது. 1993ல அவருக்கு அந்த நோய்னு தெரிஞ்சுது, பழைய ரத்தம் ஒண்ணுல வந்ததுன்னு நம்பினாங்க. 1999ல கல்லீரல் மாற்று ஆபரேஷன். சர்க்கரை, அப்புறம் நுரையீரல் இறுகிப் போற நோய், ஆக்ஸிஜன் குழாயோடதான் கடைசி வருஷங்கள். 2007 ஏப்ரல்ல ஒரு பெரிய டிவி சர்ச்ல எல்லார் முன்னாடியும் ஞானஸ்நானம் எடுத்துக்கிட்டாரு. நவம்பர் 30ல ஃபுளோரிடாவுல கிளியர்வாட்டர்ல போயிட்டாரு, 69 வயசு. பியூட்டுக்குத்தான் கொண்டு வந்து அடக்கம் பண்ணினாங்க. அவரோட ஹார்லி ஒண்ணு வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல நிக்குது.

அவருக்கு அப்புறம் வந்தவங்க என்ன மாத்தினாங்க

மரபுன்னு பேசினா புகழ்ச்சியை விட இதைத்தான் பார்க்கணும்னு நினைக்கிறேன். சீசர்ஸ் பேலஸ் நீரூற்றை 1980ல கேரி வெல்ஸ்னு ஒரு இளைஞர் முயற்சி பண்ணி இறங்கும்போது சுவர்ல மோதி சாவோட விளிம்பு வரைக்கும் போயிட்டு வந்தாரு. 1989 ஏப்ரல் 14ல ராபி அதைச் சுத்தமாத் தாண்டினாரு, ஓட்டினது ஹோண்டா மோட்டோகிராஸ் வண்டி, அப்பாவோட வண்டியைவிட ரொம்ப லேசு, நல்ல சஸ்பென்ஷன். இறங்கினதும் அப்பாவுக்குத்தான் இதுன்னாரு. ராபியும் நிறைய உடைச்சுக்கிட்டவரு, 2023 ஜனவரியில கணையப் புற்றுநோயில போனாரு.

2018 ஜூலை 8ல டிராவிஸ் பஸ்ட்ரானாங்கற அமெரிக்க பைக் சாகச வீரர் ஒரே ராத்திரியில மூணையும் செஞ்சாரு: 52 கார், 16 பஸ், கடைசியில அதே நீரூற்று 149 அடி. வேணும்னே பழைய ஹார்லி மாதிரியான இந்தியன் மண்தட ரேஸ் வண்டியை எடுத்துக்கிட்டாரு, அதே வெள்ளை உடுப்பு மாதிரி ஒண்ணு. வண்டி வகை அதேதான், வித்தியாசம் முன்னேற்பாட்டுல. சரியான வளைவுல கட்டின ராம்ப், எந்த வேகத்துக்கு எவ்வளவு தூரம்னு பல தடவை ஓட்டி அளந்த பயிற்சி, அதுக்கப்புறம்தான் டிவி. 1967ல காதுல கேட்டு செஞ்சதை இப்ப எண்ணுல செஞ்சாங்க. அந்த ராத்திரி பஸ்ட்ரானா கினீவல் பேரைச் சொல்லாம ஒரு பேச்சும் பேசல, அது எனக்குப் புடிச்சுது, ஏன்னா அந்தத் தொழிலையே உருவாக்கினது அந்த உடைஞ்ச உடம்புதானே.

ஸ்னேக் ரிவர் கணக்கு மட்டும் பாக்கி இருந்துச்சு. அதுல கெட்டுப்போன பேரு ரெண்டு, ஒண்ணு கினீவலோடது, இன்னொண்ணு ட்ருவாக்ஸோடது. ராபர்ட் ட்ருவாக்ஸ் 2010ல போயிட்டாரு. அவரு மகன் ஸ்காட் அப்பாவோட வரைபடத்தை வெச்சு அதே நீராவி ராக்கெட்டைத் திரும்பக் கட்டினாரு, மாத்தினது முக்கியமா பாராசூட் திறக்கற அமைப்பை. ஓட்டினது எடி பிரான்ங்கற ஹாலிவுட் ஸ்டன்ட் கலைஞர், சின்ன வயசுல கினீவலை நேர்ல பார்த்துட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவரு. டிவி சேனல் எதுவும் பணம் போடல, பெரும்பாலும் சொந்தக் காசு. 2016 செப்டம்பர் 16, அதே பள்ளத்தாக்கு. ராக்கெட் எந்தச் சிக்கலும் இல்லாம கிளம்பி, மறுகரையைத் தாண்டிப் போயி, பாராசூட் விரிய வேண்டிய நேரத்துல விரிஞ்சு, வயக்காட்டுல இறங்கிச்சு. 42 வருஷமா பயந்து இழுத்துட்டாருன்னு சொல்லிக்கிட்டு இருந்த பேச்சுக்கு இதைவிட நேரான பதில் வேற யாராலயும் குடுத்திருக்க முடியாது.